புண்

புண் திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். தெலுங்கில் புண்டு, கன்னடத்தில் ஹுண்ணு. பால் அங்கே ஹாலு ஆனதுபோல இங்கும் பகரம் ஹகரமாயிற்று. மூன்று மொழியும் காதில் விழும் சேலம், நாமக்கல் பக்கத்தில் இந்த உறவை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் மருத்துவத்தில் எல்லாப் புண்ணும் ஒன்றல்ல. மாத்திரை போல விழுங்கும் காமிரா சிறுகுடலை ஆயிரக்கணக்கான படங்களாக எடுக்கிறது. ஒரு படத்தில் வெள்ளைப் படலம் மூடி, சுற்றிலும் சிவந்த ஓர் இடம். ஆழமாகக் குழிந்திருந்தால் அல்சர். மேல்சவ்வு மட்டும் உரிந்திருந்தால் எரோஷன். ஆளுக்கொரு பெயர் எழுதக் கூடாது என்றுதான் 2005-ல் இந்தக் காமிராப் பரிசோதனைக்கெனத் தனிச் சொற்பட்டியல் வந்தது.

தமிழில் எரோஷனை 'அரிப்பு' என்கிறோம். மண்ணுக்கு அது சரி. குடலில் அரிப்பு என்றால் நோயாளிக்கு நமைச்சல்தான் நினைவுக்கு வரும். 'மேற்புண்', 'குழிப்புண்' என்று பிரிப்பதே தெளிவு என்பேன். அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் காண 1916-ல் ராஜாஜி ஒரு சங்கம் தொடங்கியது இதே சேலத்தில்தான். ரிப்போர்ட் எழுதும் டாக்டர்களே, இந்த இரண்டில் பொருந்தும் சொல்லை வைத்துத் தமிழில் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுங்கள்.