வலிப்பு நோயும் யாழ்ப்பாணத்து வைத்தியமும்

மனிதன் கண்டு அஞ்சிய நோய்களுள் வலிப்புக்குத் தனியிடம் உண்டு. நன்றாய்ப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென வீழ்ந்து, கைகால்கள் வெட்டியிழுக்க, வாயில் நுரைதள்ளக் கிடப்பதைக் கண்டவர்கள் அதனைப் பேய்க்கோளாறென எண்ணியதில் வியப்பில்லை.

தமிழர் இந்நோயை முயலகன் என்றும் காக்கை வலி என்றும் வழங்கினர். கொல்லிமழவன் மகளைப் பற்றியிருந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தாரெனப் பெரியபுராணம் கூறும். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் பெயரால் செகராசசேகரம், பரராசசேகரம் எனும் வைத்திய நூல்கள் எழுந்தன. வாதம், பித்தம், ஐயம் என்பவற்றின் நிலைகண்டு நோயை வகுத்தறிவதே பரியாரிமார் பின்பற்றிய நெறியாகும்.

1847 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மாணவரைப் பயிற்றிய அவர், 1860களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். அங்காதிபாதம், இரண வைத்தியம், வைத்தியாகரம் முதலிய நூல்கள் அம்முயற்சியின் பயன்கள். நோயாளியின் மொழியில் நோயை விளக்கவல்ல வைத்தியர் வேண்டுமென்பதே அவர் கருத்து.

அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய 1873 ஆம் ஆண்டிலேயே, இலண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளையின் நரம்புக் கலங்கள் அளவுமீறித் திடீரெனக் கிளர்ந்தெழுவதே வலிப்பென விளக்கினார். 1912 இல் பீனோபார்பிற்றோனும் 1938 இல் பெனிற்றோயினும் வலிப்பை அடக்கும் மருந்துகளெனக் கண்டறியப்பட்டன.

வலிப்பு யாவும் ஒருவகையன்று. மூளையின் ஒரு பகுதியில் தொடங்குவது ஒன்று. அப்போது ஒரு கை மட்டும் துடிக்கலாம், அல்லது நினைவு சற்றே மங்கலாம். மூளை முழுவதையும் ஒருங்கே பற்றுவது மற்றொன்று. பாடம் கேட்டிருக்கும் பிள்ளை சில விநாடி வெறித்து நோக்கி மீள்வதும் இவ்வகையினதே. கவனமின்மையெனக் கருதி ஆசிரியர் அப்பிள்ளையைத் தண்டித்தல் ஆகாது.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பதாற் பயனில்லை; வாயில் எதையும் திணித்தலும், கைகால்களை அமுக்கிப் பிடித்தலும் தீங்கு. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, ஒருபக்கமாய்ச் சரித்துக் கிடத்துதல் வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தும் நில்லாவிடின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். மருந்தை ஒழுங்காய் உட்கொள்வோரில் பத்தில் ஏழுபேர் வரையில் வலிப்பின்றி வாழலாம். வைத்தியர் சொல்லாது மருந்தை நிறுத்துதல் ஆபத்து.

கலியாணம் குழம்புமெனப் பெண்ணின் நோயை மறைக்கும் குடும்பங்கள் அவளுக்குரிய மருந்தையும் மறுத்துவிடுகின்றன. பேயென்ற அச்சம் பெரும்பாலும் ஒழிந்தது. நாணம் இன்னும் ஒழியவில்லை. அதனை நீக்குதல் வைத்தியரால் மட்டும் ஆவதன்று. அயலாரும் உற்றாரும் செய்யவேண்டிய பணி அது.