சாவேத்ரா நிலை: திருத்தங்களால் உருவான ஒரு சதுரங்கப் புதிர்

சதுரங்கத்தில் இறுதியாட்டப் புதிர் என்பது, பெரும்பாலான காய்கள் வெட்டுண்டபின் எஞ்சியவற்றைப் பலகையில் நிறுத்தி, ஒரு தரப்பு வெல்ல வேண்டும் அல்லது டிரா செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் விதித்து, நகர்த்தல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காமல் விடுக்கப்படும் கணக்காகும். இவ்வகையில் உலகப் புகழ்பெற்ற சாவேத்ரா நிலையில் இருப்பவை இரு ராஜாக்களும், வெள்ளைக்கு ஒரு சிப்பாயும், கறுப்புக்கு ஒரு யானையுமாக நான்கே காய்கள். ஆயினும் அது ஒருவர் திட்டமிட்டு இயற்றியதன்று.

1875இல் லண்டனில் ஃபென்டன், பாட்டர் ஆகிய இருவர் ஆடிய ஆட்டம் டிராவாக முடிந்தது. அதில் வெற்றிக்கு வழியிருந்ததை ஆய்வாளர் சுக்கர்டார்ட் அவ்வாண்டிலேயே சுட்டிக்காட்டினார். இருபது ஆண்டுகளுக்குப் பின், கிளாஸ்கோ நகரின் வார இதழொன்றில் சதுரங்கப் பகுதி எழுதிவந்த பார்பியே, அவ்விறுதி நிலையை நினைவிலிருந்து சற்றே பிழையாக வெளியிட்டார். பின்னர் கறுப்பு ராஜாவைப் பலகையின் மூலையான ஏ-1 கட்டத்துக்கு மாற்றினால் தோல்வி தவிர்க்கப்படும் எனக் கருதி, கறுப்பு ஆடி டிரா செய்ய வேண்டும் என்ற புதிராக அதை 1895 மே மாதத்தில் விடுத்தார்.

அந்நிலையில் வெள்ளை ராஜா பி-6இலும், சிப்பாய் கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் முன்னதாகச் சி-7இலும், கறுப்பு யானை டி-5இலும் நின்றன. யானை டி-6க்குச் சென்று செக் வைக்கையில், வெள்ளை ராஜா சி-5க்கு வந்தால், யானை டி-1க்கு இறங்கி, அடுத்துச் சி-1இலிருந்து செக் வைத்துப் புதிய ராணியைக் கைப்பற்றிவிடும். ஆகவே ராஜா பி வரிசையிலேயே ஒவ்வொரு கட்டமாக இறங்கி, டி-1ஐத் தானே காக்கும் சி-2ஐ அடைய வேண்டும். அப்போது கறுப்பு யானையை டி-4இல் வைப்பதே பார்பியே கண்ட தந்திரம். சிப்பாய் ராணியானால், யானை சி-4இல் தன்னையே பலியிட்டுச் செக் வைக்கும்; ராணி அதை வெட்டியதும், செக் இல்லாதபோதும் நகர இடமின்றிக் கறுப்பு ராஜா முடங்கும் ஸ்டேல்மேட் நிலை உண்டாகி, ஆட்டம் டிராவாகும்.

அந்நாளில் கிளாஸ்கோவில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் பெர்னாண்டோ சாவேத்ரா, சிப்பாயை ராணியாக்காமல் அதனினும் வலிமை குறைந்த யானையாக்க வேண்டும் எனக் காட்டினார். யானை சாய்வாகத் தாக்காது என்பதால் ஸ்டேல்மேட் நேராது. மாறாக ஏ-8இலிருந்து செக்மேட் அச்சுறுத்தல் எழும். அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ-4க்குச் செல்ல, வெள்ளை ராஜா பி-3இல் நின்று, அந்த யானையைத் தாக்குவதோடு சி-1இல் செக்மேட்டுக்கும் வழி திறக்கிறது. இரண்டையும் ஒருசேரத் தடுக்க இயலாது.

இத்திருத்தத்தைப் பார்பியேவே தம் பகுதியில் வெளியிட்டார். 1902இல் உலகச் சாம்பியன் லாஸ்கர் சிப்பாயைச் சி-6க்குப் பின்தள்ளி, வெள்ளை ஆடி வெல்லும் புதிராக இன்று வழங்கும் வடிவத்தை அளித்தார். சாவேத்ரா தந்தது ஒரே நகர்த்தல்தான் என்றாலும், புதிர் அவர் பெயரால் வழங்குகிறது. பார்பியேவின் ஸ்டேல்மேட் பொறி இல்லையெனில் யானையைத் தேர்ந்தெடுக்கும் தேவையே எழாது என்பதால், இருவரையும் இணைத்தே இதன் ஆசிரியராகக் குறிக்கும் வழக்கமும் உண்டு.