மெயில் வந்துச்சு, மீட்டிங் வரல

2016-ல நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். அம்பத்தூர் எஸ்டேட்ல எங்க மாமாவுக்கு ஒரு லேத் பட்டறை. ஆபீஸ்ல நாலு கம்ப்யூட்டர், நாலுலயும் அவுட்லுக் திருட்டுக் காப்பி. ஓப்பன் சோர்ஸ் வெறியில இருந்த நான், ஒரே ஞாயித்துக்கிழமையில எல்லாத்தையும் தண்டர்பேர்டுக்கு மாத்திட்டேன்.

மெயில் அழகா வந்துச்சு. மூணாவது வாரம், எங்ககிட்ட பார்ட்ஸ் வாங்குற கம்பெனி ஆடிட் தேதியை மாத்தி அவுட்லுக்ல இன்வைட் அனுப்புச்சு. எங்களுக்கு வந்தது 'வின்மெயில்.டாட்'னு திறக்கவே முடியாத ஒரு ஃபைல். யாரும் கண்டுக்கல. ஆடிட் ஆளுங்க வாசல்ல வந்து நின்னப்போ மாமா ஊர்லயே இல்ல. ஆர்டர் தப்பிச்சது பெரிய விஷயம். திரும்பி வந்ததும் மாமா சொன்னது ஒண்ணுதான்: "மாப்ள, பழசையே போட்டுக் குடுத்துடு."

ஏன் இப்படி ஆச்சு? மெயில் அனுப்புற முறை, எஸ்எம்டிபி, 1982-லயே எல்லாருக்கும் பொதுவான தரமா வந்துடுச்சு. யார் எந்த சாஃப்ட்வேர்ல அனுப்பினாலும் போய்ச் சேரும். கேலண்டர் கதை வேற. 1996-ல எக்ஸ்சேஞ்ச் சர்வர், 1997-ல அவுட்லுக். மெயில், கேலண்டர், முகவரி எல்லாத்தையும் மைக்ரோசாஃப்ட் ஒரே கூரைக்குள்ள வெச்சது. அது ரெண்டும் தங்களுக்குள்ள பேசிக்கிற பாஷையோட முழு விவரம் 2008-லதான் பொதுவெளிக்கு வந்துச்சு. கேலண்டர் சர்வரோட பேசுறதுக்கான பொதுத் தரம், கால்டாவ், வந்தது 2007-ல. அதுக்குள்ள பெரிய ஆபீஸ்கள் எல்லாம் அவுட்லுக்ல செட்டில் ஆகிடுச்சு.

தண்டர்பேர்ட் 1.0 வந்தது 2004 டிசம்பர்ல, கேலண்டர் இல்லாம. லைட்னிங்னு ஒரு ஆட்-ஆன் தனியா போடணும். 2012-ல மொசில்லா தண்டர்பேர்டுக்கான ஆட்களைக் குறைச்சது. கேலண்டர் கூடவே சேர்ந்து வந்தது 2015-லதான்.

அப்போ மாறவே முடியாதா? நம்ம ஊர்லயே மாறினாங்க. 2007 வாக்கில, உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில இருந்த அரசு நிறுவனம் எல்காட், தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸ், ஓப்பன் ஆபீஸுக்கு மாத்துச்சு. ஆனா எல்காட் டெண்டர் விடுற இடம். விக்க வர்றவங்கதான் அதுக்கு ஏத்த மாதிரி வளையணும். எங்க மாமா விக்கிறவர். வாங்குறவன் எதுல தேதி குறிக்கிறானோ, அதுலதான் அவரும் இருந்தாகணும்.

நான் அன்னைக்கு லைசென்ஸ் காசைத்தான் தடைன்னு நினைச்சேன். திருட்டுக் காப்பி வெச்சிருந்தவருக்கு ரெண்டுமே இலவசம். உண்மையான தடை, அடுத்தவனோட கேலண்டர்.

2025 நவம்பர்ல வந்த தண்டர்பேர்ட் 145-ல எக்ஸ்சேஞ்ச் மெயில் நேரடியாவே வேலை செய்யுது. கேலண்டர்? அந்த வெர்ஷன்லயும் இல்ல. அதனால உங்க அப்பா கடையில மாத்துறதுக்கு முன்னாடி, அவரோட பெரிய கஸ்டமர்கிட்ட இருந்து ஒரே ஒரு இன்வைட் வரவழைச்சுப் பாருங்க. அது திறந்தா, மீதியைத் தைரியமா மாத்தலாம்.