நாளைக்கு எத்தனை பன்? டீக்கடைக் குடும்பம் எழுதிய மென்பொருள்

உலகத்துலேயே முதன்முதலா அலுவலக வேலையை வாராவாரம் கம்ப்யூட்டர்ல ஓட்டினது யாருன்னு கேட்டா, நான் ஐபிஎம்னு சொல்லியிருப்பேன். இல்லன்னா ஏதாவது ஒரு வங்கின்னு. சரியான பதில், லண்டன்ல டீக்கடை நடத்தின ஒரு குடும்பம். அவங்க கதைதான் இன்னைக்கு.

சால்மன், க்ளக்ஸ்டீன் ரெண்டும் சம்பந்தி வீடுகள். 19ஆம் நூற்றாண்டுல லண்டன்ல புகையிலை வியாபாரம் பண்ணாங்க. குடும்பத்துல யார் சம்பாதிச்சாலும் பணம் ஒரே பொது நிதிக்குப் போகும், அங்கிருந்து பங்கு பிரியும். மான்டேகு க்ளக்ஸ்டீன் வியாபாரத்துக்காக ஊர் ஊரா கண்காட்சிகளுக்குப் போவார். அங்கே குடிக்க நல்ல டீ கிடைக்காது. சரி, நாமே போடலாமேன்னு 1887ல நியூகாசில் கண்காட்சியில ஆரம்பிச்சாங்க. புகையிலைக் குடும்பத்தோட பேர் வேண்டாம்னு, தூரத்து உறவினரான ஜோசப் லயன்ஸ் பேரை வெச்சாங்க. 1894ல லண்டன் பிக்காடிலியில முதல் கடை. அப்புறம் நகரம் முழுக்க லயன்ஸ் டீக்கடைகள்.

வளர்ந்ததும் தலைவலியும் வளர்ந்தது. பன், கேக் எல்லாம் அன்னன்னைக்கு விக்கணும். அதிகமா அனுப்பினா வீணாகும், குறைவா அனுப்பினா வாடிக்கையாளர் திரும்பிப் போவார். ஒரு பன்ல கிடைக்கிற லாபமோ சில்லறைதான். அதனால நாளைக்கு எந்தக் கடைக்கு என்ன போகணும்னு கணக்குப் போடவே ஏராளமான குமாஸ்தாக்கள் தேவைப்பட்டாங்க.

1947ல கம்பெனி ஆட்கள் ரெண்டு பேர், தாம்சனும் ஸ்டாண்டிங்ஃபோர்டும், அலுவலக முறைகளைப் பார்க்க அமெரிக்கா போனாங்க. கம்ப்யூட்டர்னு ஒண்ணு வந்திருக்கிறதை அங்கே பார்த்தாங்க. உங்க ஊர் கேம்ப்ரிட்ஜிலேயே ஒண்ணு கட்டறாங்கன்னும் அங்கேதான் தெரிஞ்சது. லயன்ஸ் அந்தக் கேம்ப்ரிட்ஜ் குழுவுக்கு 3,000 பவுண்டு கொடுத்து உதவியது. 1949ல அது ஓட ஆரம்பிச்சதும், அதே மாதிரியில தங்களுக்குன்னு ஒண்ணு கட்டினாங்க. பேர் லியோ. கிட்டத்தட்ட 6,000 வால்வு, நினைவகத்துக்குப் பாதரசம் நிரப்பின குழாய்கள். 1951 நவம்பர்ல பேக்கரி கணக்கைப் போட்டு வேலையை ஆரம்பிச்சது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் 1954ல வருது: டீக்கடை ஆர்டர். அதுவரை கடை மேலாளரான பெண்கள் படிவம் நிரப்பி அனுப்பணும். டேவிட் கேமினர் தலைமையில மென்பொருள் எழுதின குழு, அந்தப் படிவத்தை அப்படியே கம்ப்யூட்டருக்கு மாத்தல. அந்தப் பெண்களோட நாள் எப்படிப் போகுதுன்னு யோசிச்சாங்க. திங்கள்கிழமைக்கு வழக்கமா என்ன வேணுமோ, அது ஏற்கெனவே பதிவுல இருக்கும். மேலாளர் எதையும் எழுத வேண்டாம். குறிச்ச நேரத்துல தலைமையகத்துலேருந்து போன் வரும். “நாளைக்கு என்ன மாத்தணும்?” அவ்வளவுதான் கேள்வி. பதிலைக் கேட்டுக்கிட்டே எதிர்முனையில அட்டையில துளை போடுவாங்க. லியோ மத்ததைக் கணக்கிட்டு, எந்தக் கடைக்கு எதைப் பொட்டலம் கட்டணும்னு அச்சடிச்சுக் கொடுக்கும்.

மாறினதை மட்டும் சொல்லு. இன்னைக்கு நம்ம போன் காலண்டர்ல, வாராவாரம் வர்ற மீட்டிங்ல ஒரு நாளை மட்டும் நகர்த்தறோமே, அதே யோசனைதான்.

இதையெல்லாம் எழுதினவங்க கணினிப் பட்டதாரிகள் இல்ல. அப்படி ஒரு பட்டமே அப்போ பெரும்பாலும் கிடையாது. பிரெஞ்சும் வரலாறும் படிச்ச மேரி கூம்ஸ் லயன்ஸ்ல குமாஸ்தாவா இருந்தவங்க. கம்பெனி நடத்தின தேர்வு வகுப்புல தேறி, நிரல் எழுத வந்தாங்க. ஒரு ஊழியரோட சம்பளக் கணக்குக்குக் குமாஸ்தாவுக்கு 8 நிமிஷம் ஆனது. லியோவுக்கு ஒன்றரை வினாடி.

மத்த நிறுவனங்களும் கேட்கவே, 1954ல லியோ தனிக் கம்பெனியாச்சு. ஆனா கம்ப்யூட்டர் தயாரிப்பு பணத்தைத் தின்னுக்கிட்டே இருக்கிற தொழில். டீ விக்கிற குடும்பத்தால எவ்வளவு நாள் தாங்க முடியும்? 1963ல இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கோட இணைச்சு, கொஞ்ச நாள்ல முழுசா விலகிட்டாங்க. இன்னைக்கு அந்த டீக்கடைகளும் இல்ல.

தோத்துட்டாங்கன்னு சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரல. ஒரு ஆப் என்கிட்ட பத்தாவது தடவையா அதே விவரத்தைக் கேக்கும்போதெல்லாம், அந்த ஒரு போன் கால்தான் ஞாபகம் வருது. அதை வடிவமைச்சவங்களுக்குக் கடை தெரியும், கடையில நிக்கிறவங்களையும் தெரியும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.