தொலைநோக்கியில் கேமரா: கண்வில்லை வழி நிலவைப் பெரிதாக்கும் முறை

ஜார்ஜ்டவுன் – நிலவைக் கைப்பேசியில் எடுத்தால் வெள்ளைப் பொட்டாகத்தான் விழும். லென்ஸ் கழற்றிய கேமராவைத் தொலைநோக்கியில் நேராகப் பொருத்தினால் படம் தேறும். ஆனாலும் 1,000 மி.மீ. குவியத்தூரம் உள்ள கருவியில் நிலவின் பிம்பம் சுமார் 9 மி.மீ. அகலமே இருக்கும்; சனியின் வளையம் 0.2 மி.மீ.தான்.

இதற்குப் பழைய தீர்வு கண்வில்லை புரொஜெக்‌ஷன். கண் வைத்துப் பார்க்கும் வில்லையைக் கழற்றாமல் ஒரு குழாய்க்குள் இறுக்கி, அதன் பின்னால் கேமராவை மாட்டுகிறார்கள். வில்லை பிம்பத்தைப் பெரிதாக்கிக் கேமராவின் சென்சார் மீது வீழ்த்துகிறது. கேமராவுக்கு ஏற்ற டி-வளையம் ஒன்றும் வேண்டும்.

எவ்வளவு பெரிதாகும்? வில்லைக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தை வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்து, 1 கழிக்க வேண்டும். 25 மி.மீ. வில்லை, 100 மி.மீ. தூரம் என்றால் 3 மடங்கு. 9 மி.மீ. நிலவு 27 மி.மீ. ஆகிவிடும், சாதாரண ஏபிஎஸ்-சி கேமராவில் முழு நிலவும் அடங்காது. பள்ளங்களையும் கோள்களையும் எடுக்கத்தான் இம்முறை. மெல்லிய பிறைக்கு நேரடிப் பொருத்தமே மேல். பிறை பார்த்தலுக்குப் பெயர்போன பந்தாய் ஆச்சே ஷேக் தாஹிர் வானியல் மையம் இருக்கும் தீவில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெரிதாக்கினால் வெளிச்சம் குறையும். 3 மடங்கு என்றால் 9 மடங்கு கூடுதல் நேரம் ஒளியை வாங்க வேண்டும். அதற்குள் பூமி சுழன்று பிம்பத்தை விநாடிக்கு 0.2 மி.மீ.க்கு மேல் நகர்த்திவிடும். பின்தொடரும் மோட்டார் இல்லாதவர்கள் 1/60 விநாடிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. மோட்டார் இருந்தாலும் பினாங்கில் ஒரு சிக்கல். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 5 பாகைதான் உயரம். கட்டடமோ மேகமோ மறைத்துவிடும். திசைகாட்டியை வைத்துத்தான் வடக்கைப் பிடிக்க வேண்டும். ஆறுதல் என்னவென்றால், கோள்கள் இங்கு உச்சிக்கு அருகே செல்வதால் காற்றுமண்டலத்தின் நடுக்கம் குறைவு. நிபோங் திபால் தோட்டப்புறத்திலிருந்து எடுத்தாலும் நகரத்து மாடியிலிருந்து எடுத்தாலும் நிலவுக்குப் பெரிய வித்தியாசமில்லை.

சூரியன் விஷயம் வேறு. 2019 டிசம்பர் 26 அன்று ஜொகூர் தஞ்சோங் பியாயிலும் தமிழ்நாட்டின் திண்டுக்கல்லிலும் வளையமாகத் தெரிந்த கிரகணம் பினாங்கில் பகுதியாகவே தெரிந்தது. பகுதி கிரகணம் என்றால் ஆபத்து குறைவு என்று நினைப்பது தவறு. வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். கண்வில்லையில் திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கும். போவது கேமரா மட்டுமல்ல, கண்ணும்தான்.

வாங்குமுன் ஒன்றைச் சோதியுங்கள்: கேமராவின் எடையில் குவியக் குழாய் சரிகிறதா? விலை மலிவான தொலைநோக்கிகள் பலவற்றில் சரியும். அப்படியானால் கனமான டிஎஸ்எல்ஆரை விட்டு, இலேசான கோள் கேமராவும் பார்லோ லென்ஸும் வாங்குவதே புத்திசாலித்தனம்.