புறாக் கூடையும் டிரோன் பையும்

டிரோன் கேமராவை பைக்கில் எங்கே வைத்துக் கொண்டுபோவது? பைக்கில் ஊர் சுற்றுகிற ரெண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். ஒருத்தர் "டாப் பாக்ஸ்ல போட்டுப் பூட்டிட்டா நிம்மதி" என்பார். இன்னொருத்தர் "முதுகுப் பையைத் தவிர வேற எதையும் நம்ப மாட்டேன்" என்பார். ரெண்டு பேருமே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர்களாக இருப்பார்கள். வாதம் முடியாது.

இந்த வாதத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு. பறக்கிற ஒன்றை, குலுங்குகிற வண்டியில், கெடாமல் கொண்டுசேர்க்கிற வேலையை முதலாம் உலகப் போரிலேயே பைக்காரர்கள் செய்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தச் சுமைக்கு உயிர் இருந்தது. அது புறா.

முதலில் கேமரா கட்டிய புறாவைப் பார்த்துவிடுவோம். ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் பக்கம் குரோன்பெர்க் என்று ஒரு சிற்றூர். அங்கே மருந்துக்கடை வைத்திருந்தவர் யூலியுஸ் நொய்ப்ரொன்னர். பக்கத்திலிருந்த ஒரு சானடோரியத்துக்கு அவசர மருந்துகளைப் புறா மூலம் அனுப்புவது அவர் வழக்கம். ஒரு புறா மூடுபனியில் வழி தவறிப் போய், நாலு வாரம் கழித்து நன்றாகக் கொழுத்துத் திரும்பி வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தது, யார் சோறு போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர், புறாவின் மார்பிலேயே கேமராவைக் கட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார்.

அதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியம்தான் நம் கதைக்கு முக்கியம். பாக்கெட் கடிகாரம் மாதிரி இருக்கும் டிக்கா என்ற குட்டிக் கேமராவை, வேகமாக ஓடும் ரயிலிலும் பனியில் சறுக்கும் வண்டியிலும் வைத்து இயக்கிப் பார்த்திருக்கிறார். படம் தெளிவாக விழுந்தது. அதற்குப் பிறகுதான் புறாவுக்கான கேமராவைச் செய்ய உட்கார்ந்தார். 30 முதல் 75 கிராம் எடை, காற்றழுத்தத்தால் தானாக இயங்கும் ஷட்டர். முதலில் "இது நடக்கிற காரியமில்லை" என்று காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அவர் படங்களையே ஆதாரமாகக் காட்ட, 1908 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1909-ல் டிரெஸ்டன் கண்காட்சியில் புறாக்கள் வந்து இறங்குவதையும், அவை எடுத்து வந்த படங்கள் அங்கேயே தபால் அட்டைகளாவதையும் ஜனங்கள் நின்று பார்த்தார்கள்.

ஆனால் புறாவிடம் ஒரு பெரிய சங்கடம் உண்டு. அதற்கு வீட்டுக்குத் திரும்பத்தான் தெரியும், "அங்கே போ" என்றால் போகாது. படம் வேண்டிய இடத்துக்குப் பின்னால் வரைக்கும் யாராவது அதைத் தூக்கிக்கொண்டு போய் விடணும். இன்றைய சின்ன டிரோனும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான். அரை மணி நேரப் பேட்டரி, அதில் திரும்பி வரவும் மிச்சம் வைக்கணும். அதனால்தான் மலை அடிவாரம் வரைக்கும் அதற்கு ஒரு வண்டி வேண்டியிருக்கிறது. நொய்ப்ரொன்னர் இதற்காகப் புறாக்கூடும் இருட்டறையும் சேர்ந்த ஒரு வண்டியையே கட்டினார். போரில் அவருடைய கேமராப் புறாக்கள் சோதிக்கப்பட்டன. அதற்குள் விமானம் முன்னேறிவிட்டதால் அந்த முயற்சி அதோடு நின்றுபோனது.

செய்திப் புறாவுக்கு மட்டும் போர் முடியும் வரை வேலை இருந்தது. பிரிட்டிஷ் படையில் புறாக்களைப் பின்னாலிருக்கும் கூடுகளிலிருந்து முன்னணி அகழிகளுக்குக் கொண்டுபோன வேலையில் மோட்டார் சைக்கிள் தூதர்களுக்கும் பங்கு உண்டு. அந்தக் காலப் புகைப்படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, தேடிப் பாருங்க. மூங்கில் கூடை மாதிரிப் பின்னிய பிரம்புக் கூடை, உள்ளே புறாக்கள். கூடை இருப்பது வண்டியின் கேரியரில் இல்லை, ஓட்டுபவரின் முதுகில்.

இது ஏன் என்பதற்கு அந்த வண்டிகளே பதில். 1915-ல் வந்த டிரையம்ஃப் மாடல் எச், அதோடு டக்ளஸ் கம்பெனியின் இரட்டை சிலிண்டர் வண்டி, இந்த ரெண்டும்தான் தூதர்களிடம் அதிகம். மாடல் எச்-சில் முன்பக்கம் ஒரு ஸ்பிரிங் ஃபோர்க் உண்டு. பின்பக்கம் ஒன்றும் கிடையாது; சக்கரம் நேராகச் சட்டத்தோடு இணைந்திருக்கும். ஷாக் அப்சார்பர் என்ற பேச்சே இல்லை. கேரியரில் வைத்த பொருள் ரோட்டிலேயே வைத்து இழுத்த மாதிரிதான். ஓட்டுபவருக்காவது சீட்டுக்கு அடியில் ரெண்டு ஸ்பிரிங், அதற்கு மேல் இடுப்பு, தண்டுவடம், தோள். அந்த வண்டியில் இருந்த ஒரே நல்ல பின்பக்க சஸ்பென்ஷன் அந்த ஆள்தான் என்று சொன்னால் மிகையில்லை.

விமானத்திலும் இதே பாடத்தைத்தான் கஷ்டப்பட்டுக் கற்றார்கள். 1915-ல் பிரிட்டிஷ் விமானிகள் பயன்படுத்திய முதல் கேமராவைப் பார்வையாளர் கையில் பிடித்து, பக்கவாட்டில் சாய்ந்து படம் எடுத்தார். குளிரில் விரல் விறைத்துப் போகும், கண்ணாடித் தட்டை மாற்றுவது நரக வேதனை. சரி, கேமராவை விமானத்தின் உடம்போடு பொருத்திவிடலாம் என்று அடுத்த மாடலில் பொருத்தினார்கள். வேலை எளிதானது, ஆனால் எஞ்சின் நடுக்கம் நேரே கேமராவுக்குப் போனது. கை நடுங்கினாலும், அந்தக் கை எஞ்சினின் நடுக்கத்தை வடிகட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. போர் முடிந்த பின் 1920-ல் ஹெர்பர்ட் ஐவ்ஸ் என்ற அமெரிக்கர் விமானப் புகைப்படக் கலை பற்றி எழுதிய புத்தகத்தில், கேமராவை எதன்மேல் எப்படித் தாங்குவது என்பதற்கே தனி அத்தியாயம் இருக்கிறது. மெத்தென்ற பொருள்மேல் வை, அதுவும் கேமராவின் எடை மையம் இருக்கிற தளத்திலேயே தாங்கு. சுருக்கமாக இதுதான் அவர் வாதம். பை வாங்கும்போது இந்த ரெண்டாவது பாதியை நாம் யாருமே கவனிப்பதில்லை.

விழுந்து உடைவது வேறு, நடுங்கிக் கெடுவது வேறு என்பதற்கு நம்ம ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இந்தியாவை முக்கோண முக்கோணமாக அளந்த வில்லியம் லாம்ப்டனிடம் அரை டன் எடையுள்ள ஒரு தியோடலைட் இருந்தது. லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கடலில் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு பெருந்தன்மையோடு மதராசுக்கு அனுப்பிவைத்த கருவி அது. 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கல்லில் மோதியது. வட்டத் தகடு நெளிந்துவிட்டது. லாம்ப்டன் ஒரு கூடாரத்துக்குள் அதைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்து, ஆறு வாரத்தில் நெளிவை எடுத்தார். பல பேர் தோளில் எவ்வளவோ தூரம் போய்வந்த கருவி, ஒரு கயிறு அறுந்ததில் அடிபட்டது. ஆனால் அடி கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் சரிசெய்யவும் முடிந்தது. டிரோனை பைக்கில் கொண்டுபோகிறவர்களுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் இந்த மாதிரி இருக்காது. கீழே விழாமலே, ஒரு கீறலும் இல்லாமலே, மேலே ஏற்றிப் பார்த்தால் படம் ஜெல்லி மாதிரி ஆடும்.

சரி, டிரோனுக்கு வருவோம். 2013 ஜனவரியில் டிஜேஐ-யின் பேன்டம் வந்தபோது பைக்கில் கொண்டுபோவது பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கைகள் மடங்காது, கீழே ரெண்டு நிலைக்கால். பேன்டம் 3 கிட்டத்தட்ட 1.3 கிலோ, மூலைக்கு மூலை 35 சென்டிமீட்டர். காரில் பின்சீட்டில் வைக்கிற சாமான் அது. 2016 செப்டம்பரில் மாவிக் ப்ரோ வந்ததும் நிலைமை தலைகீழானது. கைகளை மடக்கினால் தண்ணீர் பாட்டில் அளவு, எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. 2019-ல் வந்த மாவிக் மினி 249 கிராம்தான். அந்தக் கிராம் கணக்கு பைக்காரர்களுக்காகப் போட்டதில்லை; அமெரிக்காவில் 250 கிராமிலிருந்து டிரோனைப் பதிவு செய்யணும் என்ற விதிக்காகப் போட்டது. ஆதாயம் மட்டும் நமக்கும் சேர்ந்து கிடைத்தது.

அதே 2016-ல் கோப்ரோ, கார்மா என்ற டிரோனை முதுகுப் பையோடு சேர்த்தே விற்றது. யோசனை அருமை. ஆனால் சில கார்மாக்கள் பறக்கும்போதே மின்சாரம் அறுந்து விழ, விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே சுமார் 2,500-ஐயும் திரும்பப் பெற்றார்கள். குறை, பேட்டரியைப் பிடித்துவைக்கும் கொக்கியில் இருந்தது. மண் ரோட்டில் ரெண்டு மணி நேரம் ஓட்டிப் போனதும் பேட்டரியைக் கழற்றி, தொடுமுனைகளை ஒரு தடவை பார்த்து, "டிக்" சத்தம் கேட்கும்படி மறுபடி மாட்டச் சொல்வது இதனால்தான்.

டிரோனில் எது முதலில் கெடும் என்று கேட்டால் நான் கிம்பலைத்தான் சொல்வேன். சின்ன ரப்பர் குமிழ்களில் தொங்கும் மூன்று குட்டி மோட்டார்கள்தான் கேமராவை நிலையாகப் பிடிக்கின்றன. மின்சாரம் ஓடும்போதுதான் அந்தப் பிடி. அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டால் கேமரா கழுத்து துவண்ட கோழி மாதிரி ஆடும். கம்பெனி கொடுக்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடியைத் "தூசிக்குத்தானே" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அது தூசிக்கு மட்டுமில்லை, கழுத்தைப் பிடித்துவைக்கவும்தான். போன் கேமராவுக்கே இந்த ஆபத்து உண்டு. சக்தி வாய்ந்த பைக்கின் ஹேண்டில்பாரில் ஐபோனை நேரடியாக மாட்டினால் கேமராவின் நிலைப்படுத்தும் அமைப்பு பழுதாகலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிளே எச்சரிக்கை வெளியிட்டது.

கொஞ்சம் கணக்கு. ஒற்றை சிலிண்டர் பைக் 4,000 ஆர்பிஎம்-மில் ஓடினால் கிராங்க் விநாடிக்கு 67 தடவை சுற்றுகிறது, அந்த வேகத்தில் வண்டி அதிர்கிறது. இது எஞ்சின் நடுக்கம். வேகத்தடையிலும் பள்ளத்திலும் வருவது வேறு வகை, விநாடிக்குச் சில தடவை மட்டும் ஆடும் பெரிய உலுக்கல். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான உலுக்கலோடு சேர்ந்து ஆடும். அதற்கு மேலே போகப் போக நடுக்கத்தை விழுங்கிவிடும். ஆக, முதுகில் மாட்டினால் பள்ளம் தெரியும், எஞ்சின் நடுக்கம் பெரும்பாலும் வந்து சேராது. டாப் பாக்ஸில் ரெண்டுமே சேரும். போதாக்குறைக்கு அது பின்சக்கர அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்றம் இறக்கம் ஆடும் பலகையின் நுனியில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி, வண்டியிலேயே அதிகமாகத் தூக்கிப்போடும் இடம் அது.

அப்போ முதுகுப் பைக்காரர் ஜெயிச்சிட்டாரா? டிரோனை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 1917-ன் தூதர் சறுக்கி விழுந்தால் முதுகுக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கக்கூடிய பிரம்புக் கூடை இருந்தது. புறாக்களுக்குக் கஷ்டகாலம், ஆனால் கூடை நசுங்கும். இன்றைக்கு விற்கும் டிரோன் பைகளில் பாதி, "நசுங்காது" என்பதையே பெருமையாகச் சொல்லும் கெட்டி ஓடு. மல்லாந்து விழும்போது அந்த நசுங்காத ஓட்டின் விளிம்பு தண்டுவடத்தில் குத்தும். பை தப்பிக்கும், டிரோனும் தப்பிக்கும். ஆள் தப்பிப்பாரா? பையை முதுகில் மாட்டித்தான் ஆகணும் என்றால் ஓடில்லாத, ஸ்பாஞ்ச் வைத்த மெத்தென்ற பையாக இருக்கட்டும். கன்ட்ரோலர், ஸ்டாண்ட், ஸ்குரூ டிரைவர் மாதிரிக் கூரான சாமான்களை அதில் வைக்கவே வேண்டாம்.

என் ஓட்டு பின்சீட்டுக்கு. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவாக வருவதால் தூக்கிப்போடுவது குறைவு, அடியில் சீட்டின் ஸ்பாஞ்ச் ஏற்கனவே இருக்கிறது. ஐவ்ஸ் சொன்னதன் ரெண்டு பாதிக்கும் ஓரளவு பொருந்துகிற இடம். மெத்தென்ற பைக்குள் டிரோனைத் துணியோடு சேர்த்து இறுக்கமாக வைத்து, நாலு மூலையிலும் வார் போட்டுக் கட்டணும். வலைக் கயிறு மட்டும் போட்டால் அது நீண்டு சுருங்கும், பை மெல்ல நகர்ந்து சைலன்சர்மேல் சாயும். உதிரிப் பேட்டரிகளைத் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி உறையில் போட்டு, வெயிலில் நிற்கும் கறுப்பு டாப் பாக்ஸில் வைக்காமல் கூடவே எடுத்துப்போவது நல்லது. சித்திரை வெயிலில் அந்தப் பெட்டியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

பின்சீட்டில் ஆள் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்ய என்று கேட்கலாம். அப்போ பை அவர் மடிக்குப் போய்விடும், இதைவிட நல்ல சஸ்பென்ஷன் கடையில் கிடைக்காது. என்ன, லாம்ப்டனின் சுமைகாரர்களை மாதிரி அவருக்கும் கை வலிக்கும். மணிக்கு ஒரு தடவை டீக்கடையில் நிறுத்தணும், டீக்காசு ஓட்டுபவர் கணக்கு.