பெயர்ப்பும் பூட்டும்: லினக்ஸில் கணினி விளையாட்டின் முப்பது ஆண்டுகள்

இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது தனிமனித விருப்பம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் கணினி விளையாட்டில் நாட்டமுள்ளவர்களுக்கு அந்த விருப்பம் நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது. எழுத்துப் பணிக்கும் நிரலாக்கத்துக்கும் லினக்ஸைக் கைக்கொண்டவர்களில் பலர், விளையாடுவதற்காக மட்டும் அதே வன்தட்டில் விண்டோஸுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்தனர். லினக்ஸின் திறன் குறைவு இதற்கு முதன்மைக் காரணம் அன்று. விளையாட்டுகள் எந்த இயங்குதளத்தின் மொழியில் எழுதப்பட்டன என்பதே காரணம்.

இங்கு மொழி என்பது வெறும் உவமை அன்று. திரையில் ஓர் உருவத்தை வரையவும் ஒலியை எழுப்பவும் கோப்பைத் திறக்கவும் ஒவ்வொரு விளையாட்டும் இயங்குதளத்திடம் குறிப்பிட்ட சொற்களால் கேட்க வேண்டும். அச்சொற்களின் தொகுதியே நிரலாக்க இடைமுகம். ஒரு தளத்தின் சொற்களை மற்றொன்று அறியாது.

1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில், 1994இல், ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டேவ் டெய்லர் ‘டூம்’ விளையாட்டை அதில் இயங்கச் செய்தார். 1997இன் இறுதியில் டூமின் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்டபோது வெளிவந்ததும் அந்த லினக்ஸ் வடிவமே. தொடக்கம் நம்பிக்கை தருவதாகவே இருந்தது. ஆனால் 1995இல் மைக்ரோசாஃப்ட் டைரக்ட்எக்ஸ் என்னும் இடைமுகத்தை விண்டோஸுக்கென வெளியிட்டது. பல தளங்களுக்கும் பொதுவான ஓப்பன்ஜிஎல் 1992 முதலே இருந்தபோதிலும், விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை நாளடைவில் டைரக்ட்எக்ஸின் சொற்களிலேயே எழுதப்பட்டன.

இத்தடையைக் கடக்க இரு வழிகள் முயலப்பட்டன. முதலாவது, விளையாட்டையே லினக்ஸுக்கென மாற்றி எழுதுவது. 1998இல் ஸ்காட் டிரேக்கர் தொடங்கிய லோகி சாஃப்ட்வேர் இதையே தொழிலாகக் கொண்டது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் உரிமம் பெற்று, மாற்றி எழுதி, தனியே விற்றது. லினக்ஸில் விளையாடுவோர் சிலரே என்பதால் விற்பனை குறைவு. விளையாட்டுகள் சிலவே என்பதால் விளையாடுவோரும் சிலரே. இந்தச் சுழலிலிருந்து மீள முடியாமல் 2002 ஜனவரியில் அந்நிறுவனம் மூடப்பட்டது. அங்குப் பணியாற்றிய சாம் லான்டிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் என்ற பொது நிரலகம் மட்டும் நிறுவனத்தைக் கடந்து வாழ்ந்தது. இன்றும் பல விளையாட்டுகளில் பயன்படுகிறது.

இரண்டாவது வழி மொழிபெயர்ப்பு. 1993இல் தொடங்கிய வைன் திட்டம், விண்டோஸ் செயலிகள் கேட்பவற்றை அவை இயங்கும்போதே லினக்ஸின் சொற்களாக மாற்றித் தருவது. மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பாராமல், அதன் புறநடத்தையை மட்டும் கவனித்து ஒவ்வொரு சொல்லுக்கும் நிகரானதை எழுத வேண்டியிருந்தது. முதல் நிலையான பதிப்பு வெளிவரப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. அது 2008இல் வந்தது. இதனிடையே 2002இல் வைன் தன் உரிமத்தை மாற்றிக்கொண்டது. அதுவரை அதன் நிரலை எடுத்துத் தம் திருத்தங்களை மூடிவைத்து விற்க நிறுவனங்களால் இயன்றது. புதிய உரிமத்தின்படி, திருத்திய வடிவத்தைப் பரப்புவோர் திருத்தங்களின் மூலநிரலையும் தர வேண்டும். பின்னாளில் பெருநிறுவனத்தின் பணம் இத்திட்டத்துக்குள் வந்தபோது அதன் பயன் பொதுவுக்கே திரும்பியதற்கு இம்முடிவு ஒரு முக்கியக் காரணம்.

அப்பணம் வால்வ் நிறுவனத்திடமிருந்து வந்தது. 2012இல் விண்டோஸ் 8 தனக்கென ஒரு செயலிக் கடையுடன் வெளிவந்தது. ஸ்டீம் என்னும் விளையாட்டுக் கடையை நடத்திய வால்வுக்கு, தன் கடை நிற்கும் நிலம் பிறர் நிலம் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது. 2013இல் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015இல் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் லினக்ஸ் கணினிகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் அவை மாற்றி எழுதப்பட்ட விளையாட்டுகளையே நம்பியிருந்தமையால், லோகியை வீழ்த்திய அதே சுழலில் சிக்கின. அதன்பின் வால்வ் மொழிபெயர்ப்பின் பக்கம் திரும்பியது. டைரக்ட்எக்ஸின் சொற்களை 2016இல் வெளிவந்த வல்கன் இடைமுகத்துக்குப் பெயர்க்கும் டிஎக்ஸ்விகே என்ற நிரலை ஃபிலிப் ரெபோலே எழுதியிருந்தார். அதையும் வைனையும் இணைத்து, கோட்வீவர்ஸ் நிறுவனத்தின் துணையுடன் 2018 ஆகஸ்டில் புரோட்டான் வெளியிடப்பட்டது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி அதன் மேலேயே நிற்கிறது. விளையாட்டை எழுதியவர் லினக்ஸை நினைத்தே பாராதபோதும் அவருடைய விளையாட்டு லினக்ஸில் ஓடுகிறது.

இந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. மொழிபெயர்ப்பு நன்றாக இருப்பதால் லினக்ஸுக்கெனத் தனியே எழுத வேண்டிய தேவை குறைந்துவிட்டது. விண்டோஸின் இடைமுகமே லினக்ஸ் விளையாட்டுக்கும் பொதுமொழியாகிறது. முகலாயர் செல்வாக்கு ஒடுங்கிய பின்னும் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களில் 1837 வரை பாரசீகம் நீடித்ததை மொழி வரலாறு அறிந்தோர் இங்கு நினைக்கலாம். மொழிக்குப் பின்னிருந்த அதிகாரத்தை விட்டு விலகுவது வேறு. அம்மொழியை விட்டு விலகுவது வேறு.

மொழிபெயர்ப்பால் திறக்க முடியாத பூட்டும் ஒன்று உண்டு. இணையவழிப் போட்டி விளையாட்டுகள் சில, ஏமாற்றுவோரைப் பிடிக்க இயங்குதளத்தின் கருவகத்திலேயே காவல் நிரலை அமர்த்துகின்றன. 2020இல் வேலொரன்ட் விளையாட்டுடன் வந்த வேன்கார்டு இத்தகையது. பயனரே கருவகத்தை மாற்றியமைக்கக்கூடிய ஒரு தளத்தை இக்காவல் நம்புவதில்லை. லினக்ஸின் அடிப்படை உரிமை எதுவோ, அதுவே இங்கு ஐயத்துக்குக் காரணமாகிறது. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகியவை 2021இல் புரோட்டானுக்கு வழிவிட்டன. எனினும் அவ்வழியைத் திறப்பதும் அடைப்பதும் விளையாட்டு நிறுவனத்தின் கையில். ஸ்டீம் டெக்கில் ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் பயனரை விலக்கியது. அதற்கு முன்நாள் வரை ஓடிய விளையாட்டு மறுநாள் ஓடாமல் போனது எந்தத் தொழில்நுட்பக் குறையாலும் அன்று.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவுக் காலம் முடிந்தபின், பழைய கணினியை வைத்திருக்கும் மாணவர் பலருக்கு இக்கேள்வி கண்முன் நிற்கிறது. தனியாளாக ஆடும் விளையாட்டுகளே ஒருவருடைய விருப்பம் என்றால், லினக்ஸுக்கு மாறுவதற்குப் பத்தாண்டுக்கு முன் இருந்த பெருந்தடை இன்று பெரும்பாலும் இல்லை. நண்பர்களுடன் ஆடும் போட்டி விளையாட்டுதான் முதன்மை என்றால், அவ்விளையாட்டின் உரிமையாளர் எந்தத் தளத்தை ஏற்கிறார் என்று முதலில் பார்ப்பது நல்லது. லினக்ஸ் அதை இயக்க வல்லதா என்ற கேள்வி அதற்கு அடுத்தே வருகிறது.